அம்மா கேட்ட கேள்வி

பேத்தியைச் சேர்க்கப் போன கராத்தே வகுப்பில் மாஸ்டர் பிரம்பால் தரையைத் தட்டினார். அந்தச் சத்தத்தில் எனக்குப் பழைய சிலம்பக் கம்புகள் நினைவுக்கு வந்தன.

என் சின்ன வயதில், அண்ணனைச் சிலம்பத்தில் சேர்க்க அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு அலைந்தாள். உறையூர் வாத்தியார் கம்பு சுற்றினால் காற்றே சீறும். அண்ணன் வாயைப் பிளந்து நின்றான். அம்மா முந்தானையை முறுக்கியபடி கேட்டாள்: “பசங்க கம்பு உங்க மேல பட்டுட்டா என்ன செய்வீங்க?”

“என் மேலயா? பட்டா அவன் கை இருக்காதும்மா!” என்று அவர் சிரித்தார். சுற்றி நின்ற பையன்கள் சிரிக்கவில்லை. அம்மா அண்ணனைத் தரதரவென்று வெளியே இழுத்து வந்தாள்.

ஸ்ரீரங்கத்தில், காவிரி மணலில் சொல்லிக்கொடுத்த இன்னொரு வாத்தியாரிடம் போனோம். கம்புகளில் வேப்பெண்ணெய் மணத்தது. அம்மா அதையே கேட்டாள். அவர் வீங்கிய மணிக்கட்டை நீட்டி, பக்கத்தில் நின்ற பையனைக் காட்டினார்.

“நேத்து இந்தத் தம்பி போட்டதுங்க. சுத்தமான அடி. பயந்து அழுதுட்டான், நான்தான் தட்டிக்கொடுத்தேன்.”

அம்மாவின் விரல்கள் முந்தானையை விட்டன.

இன்று நானும் மாஸ்டரிடம் அதையே கேட்டேன். அவர் சிரித்தார். வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

பேத்தி அதற்குள் உள்ளே போகச் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள்.