அடங்காதவர்களுக்கு ஏற்ற இருக்கை

ஐந்தாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று எட்டுப் பள்ளி வேன்கள் என் பெயரில் ஓடுகின்றன. ஒரு பார்வையில் ஆளை எடை போட்டுவிடுவேன். அப்படி எடை போட்டு வேலைக்கு வைத்தவள்தான் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் எங்கள் வேன் அக்கா.

வேனில் வரும் இங்கிலீஷ் டீச்சரை அவள் குடைந்தெடுப்பாள்.

"சொன்னதைச் செய்யலன்னா என்ன டீச்சர்?"

"டிஸ்ஒபீடியன்ட்."

"கை கால் சும்மாவே இருக்காதே, அது?"

"அன்ரூலி. படியாத தலைமுடியக்கூட அப்படிச் சொல்வாங்க."

"மூஞ்சியப் பாத்து முடியாதுங்கறது?"

"டிஃபையன்ட். நாலு பேரைச் சேத்துக்கிட்டா ரெபெல். சட்டம்ங்கற நினைப்பே இல்லன்னா லாலெஸ். போதுமா, தலை வலிக்குது."

அன்றிலிருந்து வேனில் இருக்கைகள் அந்தக் கணக்குப்படிதான். அன்ரூலி பிள்ளைகளுக்கு ஜன்னலோரம். வேடிக்கை பார்த்தே அடங்கிவிடும். ரெபெல்களில் ஒன்று முன்னால், ஒன்று கடைசியில்.

ஒரு நாள் தலைமையாசிரியை என்னையும் அக்காவையும் அழைத்தார். மூன்றாம் வகுப்பில் பட்டாசு என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு பெண். "லாலெஸ் பொண்ணு. நாளையிலேருந்து வேன்ல ஏத்தாதீங்க" என்றார். அவள் அம்மாவுக்கு விடியற்காலை ஷிப்டு. வேன் இல்லையென்றால் அவளுக்குப் பள்ளிக்கூடமே இல்லை.

நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "என்ன செஞ்சா மேடம்?"

"வரிசையில நில்லுன்னேன். மாட்டேன்னா."

"தரையப் பாத்தா, உங்க மூஞ்சியப் பாத்தா?"

"என் மூஞ்சியத்தான்."

"கூட யாரையும் சேத்தாளா?"

"இல்ல."

"அப்ப வெறும் டிஃபையன்ட் மேடம். வரிசை இருக்கறது அவளுக்குத் தெரியும், நிக்கத்தான் பிடிக்கல. அதுக்கு என்கிட்ட சீட்டு இருக்கு. ஒரு வாரம் குடுங்க."

தலைமையாசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இந்தம்மா எந்த வகை?"

"முதலாளிய முந்திக்கிட்டுப் பேசற வகை மேடம். நான் பொறுக்கி எடுத்த ஆளு."

"சரி, ஒரு வாரம்."

பட்டாசுக்குக் கதவோர இருக்கை கிடைத்தது, கூடவே ஒரு வேலையும். முதலில் இறங்கி, மற்றவர்களை அவள்தான் வரிசையில் நிறுத்த வேண்டும்.

வாரக் கடைசியில் தலைமையாசிரியை பள்ளி கேட் அருகே வந்து நின்றார்.

"மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வரிசை வருது" என்றாள் பட்டாசு.

அவர் தள்ளி நின்றார். அவளை வேனில் ஏற்றக் கூடாது என்ற பேச்சு அதோடு முடிந்தது.

அந்தச் சந்தோஷத்தில் நானும் வேனில் ஏறினேன். இந்த வேனை வாங்கிய கதையைப் பிள்ளைகளுக்கு எழுந்து நின்று சொல்ல ஆரம்பித்தேன்.

"முதலாளி, உக்காருங்க" என்றாள் அக்கா. "ஜன்னலோரம் போங்க."