சம்பந்தியாரின் கை

என் சம்பந்தியாரின் கை நடுங்கவில்லை. நடுங்குகிறது என்று அவரை நம்பவைத்தவன் நான். தெரிந்துதான் செய்தேன்.

என் மகளை அவருடைய மகனுக்குக் கொடுத்திருக்கிறோம். அவர் பல் வைத்தியர், சுன்னாகத்தில் கிளினிக். நான் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். சந்தைக்குப் பின்னால், முன்பு வெங்காயம் அடைத்துவைத்த மண்டபத்தில் காற்றுத் துப்பாக்கிப் பயிற்சி தொடங்கினார்கள். கையில் பிடிக்கிற சின்னத் துவக்கு, ஈயக் குண்டு, பத்து மீற்றர் தள்ளி ஓர் அட்டை. பொழுதுபோகட்டும் என்று சேர்ந்தேன். அடுத்த கிழமை சம்பந்தியாரும் வந்துவிட்டார்.

பழக்கியவர் ஓர் இளம் பெண். "அட்டையைப் பாக்காதேங்கோ ஐயா. குழல் நுனியிலை இருக்கிற முன்குறியைப் பாருங்கோ, அட்டை மங்கலாத் தெரியட்டும். விசையை இழுக்காதேங்கோ, மெல்ல அமத்துங்கோ. எப்ப வெடிக்கும் எண்டு உங்களுக்கே தெரியக்கூடாது."

எனக்கு அது வரவில்லை. வெடிக்கப்போகிறது என்று நினைத்தவுடன் மணிக்கட்டு இறுகிவிடும். குண்டு கீழே போகும். சம்பந்தியாருக்கோ சில நாட்களிலேயே கை படிந்துவிட்டது. அட்டையில் அவருடைய ஓட்டைகள் எல்லாவற்றையும் ஒரு ரூபாய் நாணயக்குற்றியால் மூடிவிடலாம்.

"பல்லுப் பிடுங்கிற கை எல்லோ," என்று சிரிப்பார். "உங்கடை சோக் பிடிச்ச கை, சம்பந்தியார். கரும்பலகையிலைதான் நேராப் போகும்."

இதையே மகளின் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சம்பந்தியாரோடு கோபிக்க முடியாது. ஒரு சொல் தடித்தால் அது மகளின் அடுப்படிக்குப் போய்ச் சேரும்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே துவக்கு. நான் சுட்ட பிறகு அவர் சுடுவார். பின்குறியின் பக்கத்தில் ஒரு திருகாணி இருக்கிறது. அதைத் திருப்பினால் குண்டு இடமோ வலமோ தள்ளிப்போகும். பழக்குபவரைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது. ஒரு நாள், துவக்கை மேசையில் வைக்கும்போது, அதை விரலால் கொஞ்சம் திருப்பிவிட்டேன்.

அவருடைய குண்டுகள் இடப்பக்கம் போயின. அவர் வலப்பக்கம் தள்ளிக் குறிபார்த்தார், பதறினார், குண்டுகள் சிதறின. அவர் முடித்ததும் துவக்கை வாங்கித் திருகாணியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். துவக்கில் பிழையோ என்று பழக்கும் பெண் சுட்டுப் பார்த்தார். நடுவில் பட்டது.

"துவக்கிலை பிழையில்லை ஐயா," என்றார்.

சம்பந்தியார் தன் கையைப் பார்த்தார். அவருடைய தகப்பனார் கைநடுக்கம் வந்து, சோறுகூட அள்ளமுடியாமல் கிடந்து இறந்தவர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மறுமுறை செய்தேன். பிறகும் செய்தேன்.

ஒரு நாள் மகள் வந்தாள். "அப்பா, மாமா கிளினிக்கைப் பூட்டிப்போட்டார். கை நடுங்குதாம். ஒருத்தற்றை வாய்க்குள்ளை ஊசி கொண்டுபோகப் பயமாம். என்ரை பிள்ளையையும் தூக்கிறாரில்லை."

யாரிடம் சொல்வது? சொன்னால் மகள் அந்த வீட்டில் எந்த முகத்தோடு இருப்பாள்? சொல்லாவிட்டால் அவர் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் மகள் நின்றாள்.

கடைசியில் அவரிடமே போய், மண்டபத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டேன்.

"இனி உது என்னத்துக்கு, சம்பந்தியார்?"

"ஒருக்கால் வாங்கோ."

மண்டபத்தில் அவர் கண்முன்னாலேயே திருகாணியைத் திருப்பிக் கொடுத்தேன். சுட்டார். இடப்பக்கம் போனது. திரும்ப வாங்கி, சரியாக்கிக் கொடுத்தேன். நடுவுக்குக் கிட்டப் பட்டது.

"இதைத்தான் நான் ஒவ்வொருமுறையும் செய்தனான்," என்றேன். "உங்கடை கையிலை ஒண்டுமில்லை. என்னை மன்னியுங்கோ."

அவர் திருகாணியைப் பார்த்தார். வலக்கையை நீட்டிப் பிடித்து, அதையும் பார்த்தார். அந்தப் பெண் பழக்கியபடியே குழல்வாய் அட்டைப் பக்கம் இருக்கத் துவக்கை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த கிழமை கிளினிக்கைத் திறந்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பேரப்பிள்ளையின் பிறந்தநாளில் கேக் துண்டை அவரே என்னிடம் நீட்டினார். "எடுங்கோ சம்பந்தியார்." அவர் சபையில் வாய் திறக்கும்போதெல்லாம் இப்போது சொல்லப்போகிறார் என்று கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். அவர் மழையைப் பற்றியோ வெங்காய விலையைப் பற்றியோ கதைப்பார்.

போன மாதம் எனக்குப் பல்வலி வந்தது. யாழ்ப்பாண நகரத்தில் யாரிடமாவது காட்டலாம் என்றேன். மனைவி விடவில்லை. "சம்பந்தியார் இருக்க வேறை ஆளிட்டைப் போனால் சனம் என்ன கதைக்கும்?"

போனேன். கதிரையைப் பின்னால் சாய்த்தார். தனியாகத்தான் இருந்தோம். இன்னொருமுறை மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பஞ்சை வைத்துவிட்டார். ஊசி என் முகத்தை நோக்கி வந்தது. நுனி அசையவேயில்லை.

"ஆடாதேங்கோ," என்றார். "என்ரை கை ஆடாது."

ஊசி நோகவில்லை. பல் சுகமாகக் கழன்று வந்துவிட்டது. கையைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"மற்றப் பக்கமும் ஒண்டு பழுதாக் கிடக்கு. வாற கிழமையும் வாங்கோ, சம்பந்தியார்."

அந்தப் பக்கம் எனக்கு ஒருநாளும் நொந்ததில்லை.