எதிரே உட்கார்ந்து படித்த எழுத்து

இடம் மாறி உட்கார்ந்தாள், அது உண்மைதான். யாரும் மறைக்கவில்லை. ஆனால் ரோச்சின் தோளில் உரசத்தான் மாறினாள் என்று குழாயடியில் பக்கத்து வீட்டு ஜீவமணி சொன்னாளே, அது பச்சைப் பொய்.

இசக்கித்தாய் தூத்துக்குடி துறைமுகத்தில் உப்பு மூட்டைக்கு வாய் தைக்கிறவள். புருஷன் இல்லை. தோணி வந்தால் வேலை. வராத நாளில் அவளும் இரண்டு பெண்பிள்ளைகளும் நீராகாரம்கூட இல்லாமல் கிடப்பார்கள். யுத்தம் முடிந்தும் அரிசிக்கு ஆலாய்ப் பறந்த வருஷம் அது. மூட்டைக்கு இந்தப் பக்கம் இருந்து அவள் தைப்பாள். எதிர்ப்பக்கம் ரோச் குந்தியிருந்து கறுப்பு மையால் ஊர்ப்பெயர் எழுதுவார். "இது எந்த ஊருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டுக் கேட்டே எழுத்தைப் பிடித்தாள். கொழும்பும் கொச்சியும் ஒரே மாதிரி தொடங்குவதைத் தானாகவே கண்டுகொண்டாள். மூன்று வருஷம்! பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவள்.

அப்போதுதான் பெண்கள் ஆஸ்பத்திரியில் படிக்கத் தெரிந்த ஆயா வேண்டும் என்றார்கள். மாதச் சம்பளம், பிள்ளைகளுக்கும் சோறு. ஓடினாள். நர்ஸ் கிருபை ஒரு மருந்து பாட்டிலை நீட்ட, அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தாள்.

"ஏளா, மருந்தக் கொட்டிராத!"

"இப்படிப் புடிச்சாத்தாம்மா எனக்கு எழுத்து தெரியும்" என்றவள், ஒட்டியிருந்த சீட்டைத் தடுமாறாமல் படித்தாள். இத்தனை நாளும் எதிரே இருந்தல்லவா பார்த்திருக்கிறாள்!

கிருபைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கட்டிலுக்கு மேல செவத்துல சீட்டு ஆணியடிச்சுக் கெடக்கு. அதப் படிக்க நீ தலைகீழா நிப்பியோ? வார திங்கக்கெழம வா. நேராப் படிச்சா வேல. இல்லன்னா வேற ஆளு."

அன்றிலிருந்துதான் ரோச்சின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தைக்கிற கைக்கு அந்தப் பக்கம் தோதில்லை. கோணி ஊசி விரலில் ஏறியது. நேராகப் பார்த்தால் தெரிந்த எழுத்தெல்லாம் யாரோ போல நின்றது.

"ஊரே சிரிக்கு தாயி" என்றார் ரோச்.

"சிரிக்கட்டும் அண்ணாச்சி. நீங்க எழுதுங்க."

திங்கட்கிழமை பார்த்து இரண்டு தோணி வந்து நின்றது. துறைமுகத்துக்குப் போகாவிட்டால் மேஸ்திரி அவள் இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவான். வீட்டு வாசலில் நின்றபடி, எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த காலரா நோட்டீஸைக் கழுத்தைச் சாய்க்காமல் படித்துப் பார்த்தாள். இரண்டு வரி வந்தது. மூன்றாவது வரவே இல்லை.

"என்னளா நிக்க? அங்கன ரோச்சு காத்துக் கெடப்பானே!" குடத்தோடு போன ஜீவமணிதான்.

"கெடக்கட்டும்" என்று கதவைச் சாத்திவிட்டு, துறைமுகத்துப் பக்கம் திரும்பாமல் ஆஸ்பத்திரித் தெருவைப் பார்த்து நடந்தாள் இசக்கித்தாய்.