மாதாவின் காலடியில் இருந்த படம்

அந்தப் பெட்டிசத்தை, கையெழுத்து வாங்கிய மனுவை, எழுதியவன் நான்தான். பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் பிரெஞ்சில் கடிதம் எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். வீட்டு விண்ணப்பம், வேலை நீக்கம், விசா மறுப்பு எதுவானாலும் எழுதிக் கொடுப்பேன். எனக்கு அமைதியாக எழுத வராது என்று என் மனைவி சொல்வாள். உண்மைதான். விசா கொடுக்கும் பிரிஃபெக்சர் அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில்கூட யாரையாவது ஒரு இடத்தில் குத்தாவிட்டால் எனக்குக் கை அரிக்கும்.

விஷயம் இதுதான். பாரிஸ் புறநகரான வில்லியே லே பெல்லைத் தாண்டி, பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில், ஒரு பழைய மாதா கோவில் இருக்கிறது. ஏதோ கொள்ளைநோய்க் காலத்தில் ஊரார் நேர்ந்து கட்டியது என்பார்கள். சிறிய கல் கட்டடம், பக்கத்தில் ஓர் ஊற்று. கன்னியாஸ்திரிகளின் மடத்துக்குச் சொந்தமாக இருந்தது. நம்மவர்களில் கிறிஸ்தவர்களான வேதக்காரர் மட்டுமல்ல, சைவக்காரரும் அங்கே போவார்கள். கற்பூரம் கொளுத்திக் கன்னியாஸ்திரிகளிடம் ஏச்சு வாங்கியவர்களும் உண்டு. கடைசியில் மடத்தில் மூன்று கிழவிகள்தான் மிஞ்சினார்கள். அவர்களும் மடத்தையும் கோவிலையும் விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார்கள். வாங்கியது ஒரு பௌத்த சங்கம் என்று செய்தி வந்தது.

பௌத்தர் என்றதும் லாச்சப்பலில் ஒருவரும் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

“அங்கை இலங்கையிலை காணி காணியாப் பிடிச்சுப் புத்தரை வைச்சது காணாதெண்டு இஞ்சையும் வந்திட்டாங்கள்,” என்றார் மரக்கறிக் கடைக்காரர்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் ஊர்க் கடற்கரைத் தேவாலயம் பல வருடங்கள் இராணுவ வேலிக்குள் கிடந்தது. வேலியைத் திறந்துவிட்டபோது முற்றத்து அரச மரத்தின் கீழ் ஒரு புத்தர் உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்து அனுப்பிய அந்தப் புத்தரின் படத்தைத் தொலைபேசியில் பார்த்த நாளில் என்னால் சாப்பிட முடியவில்லை. அந்தக் கோபமெல்லாம் பெட்டிசத்தில் இறங்கியது. உள்ளூர் பிரெஞ்சுக்காரர் சிலரும் இது புராதனச் சின்னம் என்று நகரசபையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அவர்களின் சட்டக் கதையெல்லாம் தேவைப்படவில்லை. ஆக்கிரமிப்பு என்ற சொல்லை முதல் பக்கத்திலேயே மூன்று தடவை எழுதினேன்.

கையெழுத்து வைக்க வந்தவர்களில் அவளும் ஒருத்தி. எங்கள் ஊர்க்காரி. லாச்சப்பலில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை, வீடு புறநகரில், கார்ஜ் லே கொனெஸில். அவளுடைய கணவர் ஊரில் கடைசிச் சண்டை முடிந்தபோது இராணுவத்திடம் சரணடைந்தவர். அவளுடைய கண்ணுக்கு முன்னால் பஸ்ஸில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

“அண்ணை, கோயில் ஆரின்ரையாவது இருக்கட்டும். அவரின்ரை படம் அங்கை கிடக்கு. அதை எறிஞ்சு போட்டாங்களோ எண்டு மட்டும் எனக்குத் தெரியோணும்,” என்றாள்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கலியாண வீட்டுப் படத்தில் இருந்து வெட்டிப் பெருப்பித்தது. கணவரின் தோளில் வேறு யாருடையதோ கை கிடக்கும். அதை அவள் ஒருநாளும் வீட்டுச் சுவரில் மாட்டவில்லை. எங்கள் ஆட்களின் வீட்டில் ஒருவருடைய படம் தனியாகத் தொங்கி, அதன் கீழே ஒரு சிவப்பு மின்குமிழ் எரிந்தால், வருகிறவர்கள் ஒன்றும் கேட்க மாட்டார்கள். குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அதற்குப் பயந்துதான் கன்னியாஸ்திரிகளிடம் கேட்டு, மாதாவின் காலடியில் கொண்டுபோய் வைத்திருந்தாள். மாதாவிடம் வைப்பது உயிரோடு இருக்கிறவருக்காகக் கேட்பது. அங்கே இருக்கும்வரை அவர் இருக்கிறார் என்பது அவளுடைய கணக்கு. சனிக்கிழமைகளில் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவாள். கோவில் கைமாறிய பிறகு போகப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

படத்தை எறிந்திருந்தால் பெட்டிசத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்று எனக்குப் பட்டது. இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று அப்படித்தான் நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கொழும்பில் படித்த காலத்துச் சிங்களத்தில் நான்கு வசனங்களைத் தயார் செய்து, பஸ்ஸில் வாய்க்குள் உருட்டிக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்தவர் சாம்பல் நிற அங்கி போட்ட, தலை மழித்த ஒரு வயதான பிக்குணி. வியட்நாம்காரி. என்னுடைய நான்கு சிங்கள வசனங்களும் தொண்டையிலேயே நின்றுவிட்டன. அவர் சிரித்துக்கொண்டே பிரெஞ்சில் உள்ளே வரச் சொன்னார்.

நடுவில் பெரிய புத்தர் இருந்தார். மாதாவை எறியவில்லை. இடப்பக்கத்தில் பழைய இடத்திலேயே, புதிதாகத் துடைத்து வைத்திருந்தார்கள். ஆனால் காலடி வெறுமையாக இருந்தது. நான் பிக்குணியிடம் படத்தைப் பற்றிக் கேட்டேன். அவருடைய முகம் மலர்ந்தது. எங்களைப் பின்பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார்.

அங்கே படிகள் வைத்த ஒரு பீடம். ஒவ்வொரு படியிலும் ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று படங்கள். முன்னால் தோடம்பழங்கள், பூக்கள், புகைந்துகொண்டிருக்கும் ஊதுபத்திகள். இரண்டாவது படியில், ஒரு வியட்நாம் கிழவருக்கும் ஒரு சிறுமிக்கும் நடுவில், தோளில் யாருடையதோ கையோடு அவளுடைய கணவர் இருந்தார்.

“ஒருவரும் பார்க்காமல் தனியாக இருந்தார். பாவமாக இருந்தது. எங்களுடைய இறந்தவர்களோடு சேர்த்துவிட்டோம். நாங்கள் சாப்பிடுவதற்கு முன்னால் இவருக்கும் சோறு வைக்கிறோம்,” என்றார் பிக்குணி.

“அவர் சாகவில்லை!” என்று பிரெஞ்சில் கத்தினேன். அறை அதிர்ந்தது. கத்திய பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்த வார்த்தையை நான் எப்போதோ நம்புவதை விட்டிருந்தேன். அவர் திரும்பி வருவார் என்று லாச்சப்பலில் ஒருவரும் நம்பவில்லை. அவளுக்கு முன்னால் நம்புவதுபோல நடித்து நடித்து எங்களுக்கு அது பழகிவிட்டது.

பிக்குணி இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உடனே மாதாவின் காலடியிலேயே வைத்துவிடுவதாகச் சொல்லி, படத்தை எடுக்கப் போனார். அவள் அவருடைய கையைப் பிடித்துத் தடுத்தாள். தானே எட்டிப் படத்தை எடுத்தாள். சட்டத்தில் இருந்த சாம்பலைத் தன் கழுத்துச் சால்வையால் துடைத்தாள். மாதாவிடம் கொண்டுபோகவில்லை. கைப்பைக்குள் வைத்து, பிக்குணிக்குப் பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

பஸ்ஸில் நான் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சத் தூரம் போன பிறகு அவளாகவே கதைத்தாள்.

“அந்தப் பெட்டிசத்தை அனுப்பாதேங்கோ, அண்ணை.”

“ஓம், அனுப்ப மாட்டன். அவையள் தெரியாமல் செய்தது, தங்கச்சி. நீர் மனசிலை வைச்சிருக்காதேயும்.”

“அவையளிலை எனக்குக் கோவமில்லை. சோறெல்லாம் வைச்சிருக்கினம்.” கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தாள். “அந்தப் படங்களுக்கை அவரைக் கண்ட உடனை எனக்கு அப்பாடா எண்டு இருந்தது, அண்ணை. இனி வழி பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை எண்டு. ஒரு நிமிசம்தான். அந்த ஒரு நிமிசத்துக்கு நான் அவரிட்டை என்னெண்டு மன்னிப்புக் கேக்கிறது?”