சீப்புக் கல்லின் ஏழாவது கண்

ஈரம் பட்ட புழுதியின் மணம். ஏப்ரல் காலை. வழுக்காதிருக்கக் குளிர்காலம் முழுக்கக் கொட்டிய பொடிக்கல்லும் மணலும் மொன்றியலில் எங்கள் வில்லரே தெருவில் காய்ந்து கிடக்க, பெரிய தூரிகை சுழலும் வண்டி தண்ணீரைப் பீச்சிக்கொண்டு வருகிறது. ஜன்னலைத் திறந்துவைத்து நிற்கிறேன். மனைவி கத்துகிறாள்: "சாத்துங்கோ! தூசி முழுக்க உள்ளுக்கை வருது." சாத்த மனமில்லை. அந்த மணத்துக்குள் சகாராவின் நடுவே ஒரு சிற்றூர் இருக்கிறது. சென்ற கார்த்திகையில் அங்கே பதினொரு நாள் இருந்தேன்.

அழைத்துப் போனவர் எங்கள் மேல்மாடிக்காரர். அல்ஜீரியர், அறுபதை எட்டிப் பிடிக்கிற வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். நான் அவரை அண்ணை என்பேன். அவர் தன்னோடு வேலை செய்யும் தமிழரிடம் பொறுக்கிக்கொண்ட சொல்லால் என்னை மச்சான் என்பார். உறவுமுறை எங்கோ பிழைக்கிறது, இருவருக்கும் கவலையில்லை. பேசுவது பிரெஞ்சு. அவருடையது ஓடும், என்னுடையது நொண்டும். ஆனால் என் ஞாபகத்தில் அவர் பேச்செல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

அவர் மெத்ரோ ரயிலில் ஏறமாட்டார். முப்பது வருட மொன்றியல் வாழ்க்கையில் ஒரு தடவைகூட நிலத்துக்குக் கீழே இறங்கவில்லை. உறைபனியிலும் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பார். காரணத்தை ஒரு மாலை, கையில் தொலைபேசியோடு படியிறங்கி வந்தபோதுதான் சொன்னார்.

அவருடைய ஊர் தண்ணீர் குடிப்பது நிலத்தடிச் சுரங்கத்திலிருந்து. தொலைவில் உள்ள மேட்டு நிலத்தில் கசியும் நீரை, ஆள் குனிந்து நடக்கும் அளவு கால்வாய் ஒன்று மண்ணுக்கடியில் ஊருக்குக் கொண்டுவருகிறது. ஊர் வாசலில் சீப்பு வடிவில் ஒரு கல். அதன் பற்களுக்கு இடையே உள்ள ஒவ்வொரு கண் வழியாகவும் ஒரு வீட்டுக்குத் தண்ணீர் பிரிகிறது. வருடம் ஒருமுறை கால்வாய்க்குள் சேறு அள்ளும் நாள். கண் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆள் இறங்கவேண்டும். இரண்டு வருடம் தொடர்ந்து ஆள் வராவிட்டால் அந்த வீட்டுக் கண்ணைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள்.

"தம்பிக்குக் கால் முறிஞ்சு போன வருசமும் ஒருத்தரும் இறங்கேல்லை. இந்த வருசமும் அவனுக்கு ஏலாது," என்றார். "எங்கடை ஆக்கள் அடிமையளாய்க் கொண்டுவரப்பட்டவை, மச்சான். அந்தச் சுரங்கத்தைத் தோண்டினதே அவைதான். தோண்டின ஆக்களுக்குத் தண்ணி இல்லை. கடைசியிலை என்ரை அப்பாவுக்குத்தான் ஒரு கண் கிடைச்சது. ஏழாவது கண்."

"அப்ப நீங்கள் போய் இறங்குங்கோவன்."

"பத்து வயசிலை இறங்கினனான். மண் சரிஞ்சு அரை நாள் உள்ளுக்கை கிடந்தனான்."

நான் ஓரிடத்தில் இருக்கத் தெரியாதவன். "நானும் வாறன், உங்களுக்குப் பதிலாய் நான் இறங்கிறன்," என்று வாய் முந்திக்கொண்டது. உள்ளேயிருந்து மனைவியின் குரல்: "பேஸ்மென்றைத் துப்பரவாக்கச் சொன்னால் முதுகு நோகுது. இப்ப சகாராவைத் துப்பரவாக்கப் போறாராம்."

ஊர் சிவப்பு. மண் வீடு சிவப்பு, மதில் சிவப்பு, மாலையில் ஆட்டின் வெள்ளைக் காதும் சிவப்பு. ஒரு காலத்தில் உப்பு ஏற்றிய ஒட்டகங்கள் இங்கே வந்து நின்றன. உப்போடு மனிதர்களும் விற்கப்பட்டார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர் கோட்டை கட்டினார்கள். இப்போது அதன் நிழலில் பையன்கள் பந்தடிக்கிறார்கள். கோல் கம்பம் கோட்டையின் கதவுத் தூண். பிறகு தார் வீதி வந்தது, ஒட்டகங்களின் வேலை போயிற்று. பிறகு மின்சாரம், பம்பு, ஒவ்வொரு கூரையிலும் ஒரு சட்டி அன்ரெனா. மருந்துக்கடைக்காரர் காலையில் கடைக்கு முன்னால் மணலைக் கூட்டுவார், மாலையில் அதே மணலை மறுபடி கூட்டுவார். எங்கள் தெருவில் நான் பனி தள்ளுவது போலத்தான்; ஆனால் அவர் முகத்தில் கோபமே இல்லை. பம்பு வைத்தவர்கள் பலர் சுரங்கத்தை மறந்துவிட்டார்கள். பம்பு வாங்க வழியில்லாதவர்களும், பேரீச்ச மரங்களோடு பிடிவாதமாக நிற்பவர்களும் இன்னும் கல்லின் கண்ணைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

சேறு அள்ளும் நாளுக்கு மூன்று நாள் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். என் யோசனையை அண்ணையின் தம்பி தண்ணீர்க்காரரிடம் கொண்டுபோனார். கல்லையும் கண்களையும் பார்த்துக்கொள்ளும் முதியவர் அவர். பதில் உடனே வந்தது: மூன்று நாள், ஒரு வேளையும் தவறாமல் ஒரு வீட்டில் உண்டவன் அந்த வீட்டு ஆள். இறங்கலாம்.

அண்ணைக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "சாப்பிடு மச்சான், சாப்பிடு. உன்ரை வேலை அவ்வளவுதான்!"

சாப்பிட்டேன். முதல் நாள், இரண்டாம் நாள். மூன்றாம் நாள் மதியம் தம்பி ஊன்றுகோலை ஒரு கையில் பிடித்தபடி, மறு கையில் ஒரு பெரிய தட்டில் கோதுமைக் குருணையில் செய்த கூஸ்கூஸும் பூசணியும் ஆட்டிறைச்சியும் கொண்டுவந்து முன்னே வைத்தார். நான் பழக்கதோசத்தில், "ஐயோ வேண்டாம், பசியில்லை," என்றேன். பசித்தது. நன்றாகவே பசித்தது. எங்கள் ஊரில் முதல் 'வேண்டாம்' மரியாதைக்கு. இரண்டாவது, வீட்டுக்காரர் கெஞ்சிப் பார்க்க. மூன்றாவது தடவைதான் கையை நனைப்போம். தம்பி தலையசைத்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டாம் கேள்விக்காக அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். விருந்தாளியை வற்புறுத்துவது அங்கே அவமதிப்பு என்பது பிறகுதான் தெரியவந்தது.

மறுநாள் விடிய, சீப்புக் கல்லருகே ஊர் கூடியிருந்தது. தண்ணீர்க்காரரின் காலடியில் குழைத்த களிமண் உருண்டை ஒன்று தயாராக இருந்தது. "இவர் ஒரு வேளையும் விடாமல் சாப்பிட்டவரோ?" என்று கேட்டார். தம்பிக்குப் பொய் வராது. "நேற்று மத்தியானம் சாப்பிடேல்லை."

"அது வேணாமெண்டு சொன்ன வேணாம் இல்லை!" என்று கத்தினேன். ஒருவருக்கும் விளங்கவில்லை.

அண்ணை என்னைப் பார்த்தார். "பசிச்சால் பசிக்குது எண்டு சொல்லுறதுதானே?"

"எங்கடை ஊரிலை மூண்டாம் தரம்தான் சொல்லுவம், அண்ணை."

"அப்ப உங்கடை ஊரிலை ஒரு கலியாணச் சாப்பாடு முடிய எத்தினை நாள் செல்லும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்; அவர் சிரிக்கவில்லை. களிமண்ணைப் பார்த்தார். ஏழாவது கண்ணைப் பார்த்தார். விரல் தடிப்பில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. பிறகு சட்டையைக் கழற்றி என் கையில் தந்தார்.

"இறங்கிறன். ஆனா நீ மேலை நிண்டு கதைக்கவேணும். வாயை மூடினியெண்டால் செத்துப்போவன்."

கால்வாயின் மேலே இடைக்கிடை கிணறு போல வாய்கள் உண்டு. காற்றுக்கும், சேற்றுக் கூடையை இழுக்கவும். அவர் பங்கு ஐந்து வாய்களுக்கு இடைப்பட்ட தூரம். முதல் வாயில் கயிற்றால் இறக்கினோம். தலைவிளக்கு ஆடி ஆடிக் கீழே போய், மண்வெட்டிச் சத்தம் கேட்டது; பிறகு நின்றுவிட்டது.

"மச்சான்! கதை!"

என் தொழிலே சொற்களோடுதான் என்றாலும் அந்த நேரத்தில் ஒரு சொல்லும் வரவில்லை. "எங்கை நிக்கிறன்?" என்று கீழேயிருந்து கத்தினார். எங்கள் வீட்டுப் பக்கத்து மெத்ரோ நிலையத்தின் பெயர்தான் வாயில் வந்தது: "ழாரி ஸ்ரேசன்!"

கீழே விளக்கு அசைந்தது. பிறகு, "அடுத்தது?"

"ழான்-தலோன். அண்ணை, கதவுக்குப் பக்கத்திலை நில்லாதையுங்கோ."

சுரங்கத்துக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது, தண்ணீரோடு கலந்து. மண்வெட்டி மறுபடி விழத் தொடங்கியது. நாங்கள் கூடை கூடையாய்ச் சேற்றை இழுத்தோம். நான் வாயிலிருந்து வாய்க்கு ஓடினேன்: பொபியான், ரோஸ்மோன், லோரியே. கயிறு பிடித்த இளைஞன் தம்பியிடம் கேட்டான், "இது என்ன பிரார்த்தனை?" தம்பி யோசித்துவிட்டு, "கனடாவிலை ஓதுறது," என்றார்.

லோரியேயில் அவரை மேலே இழுத்தோம். கண்ணும் பல்லும் தவிர எல்லாம் சேறு. மணலில் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்துச் சிரித்தார். நாங்கள் கல்லருகே திரும்பியபோது, தண்ணீர்க்காரர் களிமண் உருண்டையை எடுத்து மதிலில் இருந்த வெடிப்பு ஒன்றில் அப்பிக்கொண்டிருந்தார்.

மீதி நாட்களில் அண்ணையை வீட்டில் காணவில்லை. கண் வழியாக வரும் நீர் தோட்டத்துத் தொட்டியில் சேரும். நிரம்பியதும் திறந்து மரங்களுக்குப் பாய்ச்சவேண்டும். தம்பியால் ஊன்றுகோலோடு அதைச் செய்ய முடியாது. அண்ணை விடிய முன்பே போய்விடுவார். கால்விரல் இடுக்கெல்லாம் சேறு காய்ந்து திரும்புவார். வாய்க்கால் எங்கே திரும்புகிறது, எந்த மரத்துக்கு எத்தனை மடை என்று எனக்கு விளக்குவார், அடுத்த நாள் அதையே மறுபடி விளக்குவார்.

பதினோராம் நாள் காலை, இருவருக்கும் பயணச்சீட்டு இருந்த பஸ்ஸுக்கு என் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார். பஸ் வந்து நின்றது.

"பள்ளிக்கூட பஸ்ஸை ஆர் ஓட்டிறது, அண்ணை?"

"ஆராவது ஓட்டுவினம்."

"அப்ப எப்ப வாறியள்?"

அவர் திரும்பித் தோட்டப் பக்கம் பார்த்தார். "பேந்து கதைக்கிறன், மச்சான். தொட்டி நிரம்பியிருக்கும், வழிஞ்சால் தம்பி கத்துவான். நீ ஏறு, ஏறு!"