ஆறாத கஞ்சி

கொதிக்கும் வெந்நீர் ஊற்றில்கூட நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்று நாளிதழோடு வரும் சிறுவர் பக்கத்தில் படித்தபோது எனக்குப் பத்து வயது. பனிப்பாறைக்குள், உப்புப் பாளத்துக்குள், எரிமலை ஓரத்தில் என்று பட்டியலே போட்டிருந்தார்கள். ஒரு வாரம் வருவோர் போவோரிடமெல்லாம் அதையே ஒப்பித்தேன். பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது.

அந்த வருஷம்தான் அத்தை, அப்பாவின் அக்கா, விவசாயப் பயிற்சி ஒன்றுக்குப் போய்விட்டு கரிப்பொடி மாதிரி இருந்த நுண்ணுயிர் உரப் பொட்டலங்களோடு வந்தார். புருஷன் வீடு வேண்டாம் என்று எங்களோடு வந்து இருந்தவர். வயல் விஷயத்தில் அதுவரை வாய் திறந்ததில்லை. பாபநாசத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் நிலத்தில் ஒரே ஒரு மா, ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, கேட்டார். யூரியாவைக் குறைத்து விளைவித்துக் காட்டுகிறேன் என்றார்.

"கரிப்பொடியைப் போட்டா நெல்லு வெளஞ்சிடுமாக்கா?" என்று அப்பா சிரித்தார். ஆனாலும் கொடுத்தார்.

விதைநெல்லில் பொடி ஒட்ட வடித்த கஞ்சி வேண்டும். "நல்லா ஆறினப்புறம் பொடியைக் கொட்டிக் கலக்கி வைடி. ஊறின விதையை வடிச்சிட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு அத்தை கொல்லைக்குப் போனார். எனக்குப் பொறுமையில்லை, டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. வெந்நீர் ஊற்றிலேயே வாழ்கிறவற்றைக் கஞ்சிச் சூடு என்ன செய்துவிடும்? ஆவி பறக்கப் பறக்கக் கொட்டிக் கலக்கினேன். அத்தை வந்து விரல் வைத்துப் பார்த்தபோது அது ஆறியிருந்தது.

அந்த ஒரு மாவில் மட்டும் பயிர் வெளுத்து நின்றது. வரப்பில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் அப்பா ஆள் விட்டு யூரியா தெளித்தார். "நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன் போலருக்கு" என்று அத்தை அடுப்படியில் அம்மாவிடம் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்த நான் வாயைத் திறக்கவில்லை. அடி விழுமே என்ற பயம்.

இன்று கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறேன். வெந்நீரில் வாழ்வது வேறு உயிர், வயல் மண்ணில் வாழ்வது வேறு உயிர் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். பத்து வயதில் அது தெரியாமல் போனதற்கு நான் வருந்தவில்லை. வருத்தமெல்லாம் அதற்கடுத்த வருஷத்துச் சம்பாவைப் பற்றித்தான்.

"இந்த வருஷமும் ஒரு மா எடுத்துக்கிறியாக்கா?" என்று அப்பா கேட்டார். கேலியில்லை, மெய்யாகவே கேட்டார். அத்தை ஒரு கணம் வயல் பக்கம் பார்த்தார்.

"வேண்டாம் தம்பி. எனக்கு அதெல்லாம் தெரியாது."

கஞ்சியைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தை அந்த ஒரு மாவை எடுத்துக்கொண்டிருப்பார். அது அப்போது எனக்குப் புரியவில்லை. தப்பித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் விளையாட ஓடிவிட்டேன்.