குதிகால் கயிறு

போன வியாழக்கிழமை நிவேதா எங்கள் போட் கிளப்புக்கு வந்தாள், கையில் லேப்டாப்போடு. கல்லூரிப் படகு அணியின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்களாம்.

இங்கே பாணேரில் வளர்ந்த தமிழ்ப் பெண்; பேச்சில் மராத்தியும் இந்தியும் கலந்துவரும். அவளும் துடுப்பு போடுகிறவள்தான்.

"அங்கிள், உங்களைப் பத்தியும் ஒரு பாரா இருக்கு. இங்கிலீஷ்ல... நான் சொல்றேன். ரொம்ப வருஷமா படகெல்லாம் பாத்துக்கறார். ஏக்தம் சாந்தமானவர். யார் பேசும்போதும் குறுக்க பேச மாட்டார்."

கூச்சமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இங்கிலீஷில் ஒரு பாரா என்றால் சும்மாவா?

அடுத்த பக்கம் சமீர். பல வருஷம் முன்னால் படகு கவிழ்ந்து ஆற்றில் இறந்த மாணவன்.

"ஷூவை ரொம்ப டைட்டா கட்டிட்டான், மத்லப்... அவன் தப்புன்னு போட்டிருக்கு அங்கிள்."

பந்தயப் படகில் ஷூவின் முன்பக்கம் படகோடு திருகி வைத்தது. குதிகால் பக்கத்தை ஒரு குட்டிக் கயிறு பலகையோடு பிடித்திருக்கும். கவிழ்ந்தால் ஷூ தங்கும், கால் உருவிக்கொண்டு வரும். கயிறு இல்லையென்றால் ஷூவின் குதிகாலும் காலோடு எழும்பும்... கால் வெளியே வராது.

சமீர் இறந்த அன்று காலை அவன் படகை இறக்கும்போதே பார்த்தேன். இடது ஷூவில் கயிறு அறுந்திருந்தது. கோச் விருந்தாளிகளோடு பேசிக்கொண்டிருந்தார். முடிக்கட்டும், சொல்லலாம் என்று நின்றேன்.

"சலா, போலாம் காகா, தள்ளுங்க" என்றான் சமீர்.

தள்ளிவிட்டேன்.

விசாரணையில் என்னை யாரும் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொல்லவும் இல்லை.

வாய் திறக்காதவனுக்கு நம்மிடையே 'தங்கமான மனுஷன்' என்று பேர். அவன் எதை விழுங்கிக்கொண்டு நிற்கிறான் என்று யார் பார்த்தார்கள்?

இதையெல்லாம் நிவேதாவிடம் சொன்னேன். டைப் அடித்த கை பாதியில் நின்றது.

"இதைப் போட்டா உங்க வேலை போயிடும் அங்கிள்."

"சமீரோட அம்மா தாபோடியிலதான் இருக்காங்க. புத்தகம் அவங்களுக்கும் போகுமில்ல?"

"போகும்."

"அப்ப போடும்மா."

அவள் மறுபடி டைப் அடிக்கத் தொடங்கினாள். அடித்து முடித்ததும், "உங்க பாராவை எடுத்துடவா?" என்றாள்.

"வேண்டாம். சமீர் பக்கத்துக்கு எதிர்லயே இருக்கட்டும்."

யார் பேசும்போதும் குறுக்கே பேச மாட்டார்... அதில் பொய் ஒன்றும் இல்லையே.